நுணுக்கமான பழைய ஓவியங்களை மிக உயர்ந்த தெளிவில் டிஜிட்டல் படி எடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூஜையறையில் தாத்தா காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் வைத்திருப்பவர்கள், நூலகத்திலும் மடத்திலும் ஓவியத் தொகுப்புகளைப் பராமரிப்பவர்கள், சிறிய அருங்காட்சியகங்களின் பணியாளர்கள், நுண்கலை மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பழைய ஓவியங்களைப் படமெடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சில பதில்கள் நீளம். அந்த இடங்களில்தான் ஓவியங்கள் பாழாகின்றன.

மிக உயர்ந்த தெளிவு என்றால் எத்தனை மெகாபிக்சல்?

மெகாபிக்சல் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு பிக்சல், அதாவது டிஜிட்டல் படத்தின் ஒரு புள்ளி, ஓவியத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 2022 ஜனவரியில் 71,700 கோடி பிக்சல்கள் கொண்ட ஒரே படமாக வெளியிட்டது. தி ஹேக் நகரின் மவுரிட்ஷாய்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள வெர்மீரின் ‘முத்துத் தோடணிந்த பெண்’ 2018ல் ஆய்வு செய்யப்பட்டபோது எடுத்த படம் ஏறக்குறைய 1,000 கோடி பிக்சல். எண்ணை மட்டும் பார்த்தால் முதல் படம் எழுபது மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் ‘இரவுக் காவல்’ படத்தில் ஒரு பிக்சல் ஓவியத்தில் 5 மைக்ரோமீட்டர்; வெர்மீர் படத்தில் 4.4 மைக்ரோமீட்டர். சின்ன எண்ணைக் கொண்ட படம்தான் கூடுதல் நுணுக்கமானது. முதல் ஓவியம் 379.5 சென்டிமீட்டர் உயரமும் 453.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட துணி, இரண்டாவது, 44.5 சென்டிமீட்டர் உயரமும் 39 சென்டிமீட்டர் அகலமும்தான்.

(ஒரு மைக்ரோமீட்டர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனித இரத்தச் சிவப்பணு 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் குறுக்களவு கொண்டது.)

ஆகவே யாராவது “நாங்கள் நூறு மெகாபிக்சலில் எடுத்துத் தருகிறோம்” என்று சொன்னால், “எத்தனை சென்டிமீட்டர் அகலத்தை ஒரு படத்தில் அடக்குவீர்கள்?” என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு விலை பேசலாம்.

எங்கள் ஓவியத்துக்கு எவ்வளவு தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி ஒன்று போதும்; அதனுள்ளேயே அளவுக்கோடு பொறித்தது கிடைத்தால் இன்னும் நல்லது. ஓவியத்தில் ஆக மெல்லிய கோட்டைத் தேடுங்கள். அநேகமாக அது கண் இமையிலோ, தாடி மயிரிலோ, முந்தானையின் சரிகைக் கரையிலோ இருக்கும். அதன் தடிமனை அளந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டின் குறுக்கே நான்கைந்து பிக்சலாவது விழ வேண்டும். இரண்டு பிக்சல் விழுந்தால் கோடு இருப்பது தெரியும். அதன் விளிம்பு எப்படி இருந்தது, தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே எழும்பியது என்பதெல்லாம் தெரியாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சிற்றோவியம். 24 மெகாபிக்சல் கேமரா அகலவாக்கில் 6,000 பிக்சல் தரும். முழு ஓவியத்தையும் ஒரே படத்தில் அடக்கினால் ஒரு பிக்சலுக்கு 50 மைக்ரோமீட்டர். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கோட்டுக்கு இரண்டே பிக்சல். 100 மெகாபிக்சல் கேமராவில் ஏறக்குறைய 26 மைக்ரோமீட்டர். கோட்டுக்கு நான்கு பிக்சல். சாதாரண வேலைக்கு இது போதுமானது. ஆனால் முகலாய, ராஜஸ்தானியச் சிற்றோவியங்களில் அணில் மயிர்த் தூரிகையால் இழுத்த கோடுகள் இதனினும் மெல்லியவை. அவற்றுக்கு 10 மைக்ரோமீட்டர் வேண்டும். அங்கே துண்டு துண்டாகப் படமெடுத்துச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தேவைக்கு மேல் எடுப்பதும் தவறுதான். பட்டையான தூரிகையில் தீட்டிய, ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடே இல்லாத ஓவியத்தை 5 மைக்ரோமீட்டரில் எடுத்தால், மணிக்கணக்கில் அதை வெளிச்சத்தில் வைத்திருந்ததும் வன்தட்டை நிரப்பியதும்தான் மிச்சம். வண்ணப் பூச்சின் விரிசல்களை ஆராயப் போகிறோம் என்றால் கதை வேறு.

ஆம்ஸ்டர்டாமில் அந்த ஓவியத்துக்கு என்னதான் செய்தார்கள்?

‘இரவுக் காவல்’ 1642ல் வரையப்பட்டது. 2019 ஜூலையில் அதைச் சுற்றி ஒரு கண்ணாடி அறை கட்டி, பார்வையாளர்களின் கண்ணெதிரிலேயே ஆய்வைத் தொடங்கினார்கள். முதலில் 528 படங்களைச் சேர்த்து, ஒரு பிக்சலுக்கு 20 மைக்ரோமீட்டர் என்ற அளவில் 4,480 கோடி பிக்சல் படத்தை 2020 மே மாதம் வெளியிட்டார்கள். அதற்கே உலகம் வியந்தது. பிறகு ஹாசல்பிளாட் எச்6டி 400 எம்எஸ் என்ற 100 மெகாபிக்சல் கேமராவைக் கொண்டு மறுபடி தொடங்கினார்கள். இம்முறை ஒவ்வொரு படமும் ஓவியத்தின் 5.5 சென்டிமீட்டருக்கு 4.1 சென்டிமீட்டர் பரப்பை மட்டுமே காட்டியது. தபால்தலையைவிடச் சற்றே பெரிய பரப்பு. அப்படி 8,439 படங்கள். சேர்த்து முடித்தபோது கோப்பின் அளவு 5.6 டெராபைட்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, படங்களைச் சரிபார்த்த விதம். எட்டாயிரம் படங்களில் ஒன்றே ஒன்று ஒரு மயிரிழை ஃபோகஸ் தவறியிருந்தாலும் முழுப் படத்தில் அது மங்கலான ஒரு சதுரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மனிதக் கண்ணால் அத்தனையையும் பார்த்து முடிக்க இயலாது. ஆகவே கூர்மையையும் நிறத்தையும் சோதிக்கவும், படங்களைப் பொருத்தவும் செயற்கை நுண்ணறிவு வலைப்பின்னல்களைப் பயன்படுத்தினார்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? பின்னால் செய்யவிருந்த சிகிச்சைக்கு முன், ஓவியம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. 2024 நவம்பரில் பழைய வார்னிஷை நீக்கும் பணியைத் தொடங்கினார்கள். எந்தத் துகள் முன்பு எங்கே இருந்தது, எந்த விரிசல் எவ்வளவு நீளம் என்பதற்கு அந்தப் படமே பதிவேடு. மூப்படையும் பொருளுக்கு இப்படியொரு பதிவேடு இருப்பது பெரும் பாக்கியம். நம் நாட்டில் எத்தனையோ ஓவியங்கள் பழுதுபார்க்கப்பட்டுவிட்டன. பழுதுபார்ப்பதற்கு முன் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு மங்கலான கறுப்பு வெள்ளைப் படம்கூடக் கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

எந்த நிலையில் உள்ள ஓவியத்தைப் படமெடுக்கவே கூடாது?

வண்ணம் பொரிந்து மேலெழும்பியிருந்தால் நிறுத்துங்கள். ஓவியத்தை அசைக்காமல், பக்கவாட்டில் தாழ்வாக ஒரு டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது ஒழுங்காகத் தெரிந்த பரப்பில், சின்னச் சின்ன நிழல்கள் எழும். ஒவ்வொரு நிழலும், எழும்பி நிற்கும் ஒரு துணுக்கு. அந்த நிலையில் ஓவியத்தை நிமிர்த்தினாலோ, தலைகீழாகத் திருப்பினாலோ, மின்விசிறிக் காற்று பட்டாலோ உதிரும். முதலில் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் வந்து வண்ணத்தை இருக்குமிடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும், படம் பிறகு.

காகிதச் சிற்றோவியங்களில் பச்சை வண்ணத்தைக் கவனமாகப் பாருங்கள். செம்பிலிருந்து செய்யப்பட்ட பச்சை, காலப்போக்கில் தன் கீழே இருக்கும் காகிதத்தையே அரித்துவிடும். பச்சைப் பாவாடை தீட்டிய இடம் முழுக்கப் பின்பக்கம் பழுப்பாகி, ஓரத்தில் கோடு கிழித்ததுபோல் வெடித்திருக்கும். ஏட்டைப் புரட்டும்போது அந்தப் பாவாடை மட்டும் துண்டாகக் கழன்று விழக்கூடும். அப்படிப்பட்ட ஏடுகளை 180 பாகை விரிக்கவே கூடாது. இரு புறமும் தாங்கும் வகையில், 90 அல்லது 100 பாகைக்குள் விரித்து, ஒரு பக்கத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

மைக்கா ஓவியங்களும் இந்தப் பட்டியலில் சேரும். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் மெல்லிய மைக்காத் தகடுகளில் தெய்வங்களையும், தொழில் செய்யும் மனிதர்களையும் தீட்டி ஆங்கிலேயர்களுக்கு விற்றார்கள். மைக்கா அடுக்கடுக்காகப் பிரியும் தன்மை உடையது. வண்ணம் அதில் ஊறுவதே இல்லை, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரல் நுனியின் அழுத்தமே போதும்.

நல்ல ஸ்கேனர் இருக்கிறது. அதில் கவிழ்த்து வைத்தால் வேலை எளிதில் முடியுமே?

வேண்டாம். ஓவியத்தின் முகத்தைக் கண்ணாடிமேல் அழுத்துவது எந்தப் பழைய ஓவியத்துக்கும் ஆகாது. உதிரும் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரும். தஞ்சாவூர் ஓவியமாக இருந்தால் கற்கள் கண்ணாடியைக் கீறும், கண்ணாடி, மெல்லிய தங்கத் தாளான ரேக்கைத் தேய்க்கும். மலிவான ஸ்கேனர்களில் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் பரப்புகூட மங்கிவிடும் என்பதால், வளைந்த பலகையும் சுருங்கிய காகிதமும் பாதி கூர்மை, பாதி மங்கல் என்றுதான் வரும். நிலையான தாங்கியில் கேமராவைப் பொருத்தி மேலிருந்து எடுங்கள்.

வெளிச்சம் ஓவியத்தைக் கெடுத்துவிடாதா?

கெடுக்கும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. வெளிச்சத்தால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போவது, திரும்பாதது. மஞ்சள்கிழங்கிலிருந்து எடுத்த மஞ்சள் போன்ற தாவரச் சாயங்கள் விரைவில் வெளிறும். செங்காவி போன்ற மண் வண்ணங்கள் அசையாமல் நிற்கும். காகிதத்தில் நீர்வண்ணம் தீட்டிய ஓவியங்களை அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (லக்ஸ், வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் காட்சிக்கு வைக்கும்.

படமெடுக்கும் மேசையில் 2,000 லக்ஸ் வெளிச்சம், பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அது 333 லக்ஸ்-மணி. 50 லக்ஸ் காட்சிக்கூடத்தில் ஓவியம் ஏறக்குறைய ஏழு மணி நேரம் பெறும் ஒளிக்குச் சமம். ஒரு நாள் காட்சிக்கு வைத்ததுபோல், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதே ஓவியத்தை 49 துண்டுகளாக, துண்டுக்கு ஒரு நிமிடம் என்று விளக்கை அணைக்காமல் எடுத்தால் 1,633 லக்ஸ்-மணி. நான்கு நாள் காட்சிக்குச் சமம். ஃபோகஸ் சரியாகவில்லை என்று இன்னொரு தரம், நிறம் பிடிக்கவில்லை என்று மூன்றாம் தரம் என்று போனால் கணக்கு எங்கோ போய்விடும்.

அதனால் ஒத்திகையை வேறொரு படத்தை வைத்துச் செய்யுங்கள். அதே அளவில் அச்சிட்ட ஒரு நாட்காட்டித் தாளை மேசையில் வைத்து விளக்கு, உயரம், ஃபோகஸ் எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகே மூல ஓவியத்தைக் கொண்டுவாருங்கள். படத்துக்கும் படத்துக்கும் இடையே விளக்கை அணையுங்கள், அல்லது ஃபிளாஷ் விளக்கைப் பயன்படுத்துங்கள். விளக்கு எல்.இ.டி. ஆக இருக்கட்டும். சூடேறும் ஹாலஜன் விளக்குகள் பலகையையும் காகிதத்தையும் உலர்த்தி வளைத்துவிடும்.

குளிரூட்டிய அறையில் இருக்கும் ஓவியத்தை நேராக வெளியே புழுக்கத்துக்குள் எடுத்துவராதீர்கள். சென்னைக் கோடையில் குளிர்ந்த பரப்பின்மேல் ஈரம் படிந்துவிடும். இருக்கும் அறையிலேயே எடுப்பது நல்லது.

தஞ்சாவூர் ஓவியத்தைப் படமெடுத்தால் தங்கம் ஒன்று வெள்ளையாகப் பளிச்சிடுகிறது, இல்லையென்றால் கறுத்துப்போகிறது. ஏன்?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. ஓவியத்தின் அமைப்பே அதற்குக் காரணம். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து நகைகளையும் தூண்களையும் புடைப்பாக எழுப்பி, கற்களைப் பதித்து, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டுகிறார்கள். சுவாமியின் முகமும் கைகளும் வழவழப்பான, ஒளியைச் சிதறவிடும் வண்ணப்பூச்சு. தங்கமோ எதிரே இருப்பதையெல்லாம் காட்டும் பரப்பு. தங்கத்துக்கு என்று சொந்தமாக ஒரு தோற்றம் கிடையாது. அறை இருட்டாக இருந்தால் இருட்டைக் காட்டும், விளக்கு இருந்தால் விளக்கைக் காட்டும்.

பளபளப்பைப் போக்குவதற்காகப் பலர் விளக்கின் முன்னும் லென்ஸின் முன்னும் போலரைசர் வடிகட்டிகளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்கிறார்கள். வார்னிஷ் பூசிய எண்ணெய் ஓவியத்துக்கு அது அருமையான வழி. தங்க ரேக்கில் அது காலை வாரிவிடும். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி தன் துருவநிலையை, அதாவது அதிரும் திசையை, இழப்பதில்லை. ஆகவே வடிகட்டி அந்த ஒளி முழுவதையும் தடுத்துவிடுகிறது. கிருஷ்ணன் முகம் பளிச்சென்று வரும். கிரீடமும் மாலையும் கரிபிடித்த பித்தளை மாதிரி வரும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு “தங்கம் கறுத்துப்போச்சா?” என்று வீட்டுக்காரர்கள் பதறுவதைக் கண்டிருக்கிறேன்.

இதற்கு நான் சொல்லும் வழி: பெரிய வெள்ளைத் துணியோ, ஒளி ஊடுருவும் தாளோ கொண்டு விளக்குகளை மறைத்து, ஓவியத்துக்கு இருபுறமும் அகலமான மெல்லிய வெளிச்சத்தைப் பரப்புங்கள். தங்கம் அந்த வெள்ளைப் பரப்பைப் பிரதிபலித்து மஞ்சளாக ஒளிரும். அறையின் பிற விளக்குகளை அணைத்து, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிவிடுங்கள். இல்லையென்றால் தங்கத்தில் கேமராவே தெரியும். அதோடு நிறுத்தாமல், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாழ்வாக ஒளி விழச் செய்து இன்னொரு படமும் எடுங்கள். அதில்தான் புடைப்பு வேலையின் உயரமும், கெம்புக் கல் விழுந்த குழியும், ரேக்கு கிழிந்த ஓரமும் தெரியும். ஒரே படத்தில் தஞ்சாவூர் ஓவியம் அடங்காது.

இதையே முறைப்படி செய்வதற்கு ஒரு நுட்பம் இருக்கிறது. கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல கோணங்களில் நகர்த்திப் பல படங்கள் எடுத்தால், பிறகு கணினியில் விளக்கை விரும்பிய பக்கம் திருப்பிப் பார்க்கலாம். ஹியூலெட்-பேக்கார்டு ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் 2001ல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. புடைப்பு ஓவியங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை: பழைய ஓவியங்களில் சட்டத்தின் கண்ணாடி வண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பளபளப்பு போக வேண்டும் என்று கண்ணாடியைக் கழற்றினால் வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டியிருப்பதாகத் துளி சந்தேகம் வந்தாலும் கண்ணாடியோடே எடுங்கள்.

விலை உயர்ந்த லென்ஸ் போட்டும் படம் ஏன் கூர்மையாக இல்லை?

பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது, லென்ஸில் ஒளி நுழையும் துளையை மிகவும் சுருக்கியிருப்பீர்கள் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). எஃப்16, எஃப்22 என்று வைத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும் என்பது உண்மை. ஆனால் சிறிய துளைவழியே வரும் ஒளி பரவும். எஃப்16ல் ஒரு புள்ளி, கேமராவில் ஒளியைப் பதியும் உணரியின்மேல் ஏறக்குறைய 21 மைக்ரோமீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். உணரியின் ஒரு பிக்சலோ நான்கைந்து மைக்ரோமீட்டர்தான். நாற்பது மெகாபிக்சல் கேமராவை வாங்கி, பத்து மெகாபிக்சல் கூர்மையைக்கூடப் பெறாமல் இருப்பவர்கள் பலர். எஃப்5.6க்கும் எஃப்8க்கும் இடையில் இருங்கள். மிக நெருக்கமாக எடுக்கும்போது துளையின் பயன் அளவு இன்னும் சுருங்குகிறது: ஓவியமும் உணரியில் விழும் உருவமும் ஒரே அளவில் இருக்கும்போது எஃப்8 என்று வைத்தாலும் அது எஃப்16 போல்தான் நடந்துகொள்ளும்.

இரண்டாவது, ஆழம் போதாமை. அதே நெருக்கத்தில், எஃப்8ல், கூர்மையாகத் தெரியும் ஆழம் மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. ஓவியத் துணியின் ஒரு நூல் மேடே அதைத் தாண்டிவிடும். பலகை வளைந்திருந்தால் நடுவும் ஓரமும் ஒன்றாகக் கூர்மை பெற வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஃபோகஸைத் தனியே பார்க்க வேண்டும், அல்லது ஃபோகஸை மெல்ல நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்க வேண்டும்.

மூன்றாவது, அதிர்வு. இதை யாரும் நம்புவதில்லை. சுழலும் மின்விசிறி, மாடியில் நடப்பவர்கள், தெருவில் போகும் லாரி, கேமராவின் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பும் சின்ன உதறல் ஆகிய ஒவ்வொன்றும் பத்து மைக்ரோமீட்டர் வேலையில் படத்தைக் கலைத்துவிடும். மின்விசிறியை அணையுங்கள். பொத்தானைக் கையால் அமுக்காமல் கணினியிலிருந்து இயக்குங்கள். ஃபிளாஷ் ஒளியின் கால அளவு மிகக் குறைவு என்பதால் அதிர்வைப் பெருமளவு மறைத்துவிடும். கட்டடம் சாலையோரத்தில் இருந்தால் இரவில் வேலை செய்யுங்கள்.

துண்டு துண்டாக எடுத்துச் சேர்ப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேமராவின் உணரியும் ஓவியத்தின் பரப்பும் இணையாக இருக்க வேண்டும். இதற்குச் சுலபமான சோதனை: ஓவியத்தைக் கொண்டுவருவதற்கு முன், அது இருக்கப்போகும் இடத்தில் தட்டையான முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்துக் கேமரா வழியே பாருங்கள். லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் நட்டநடுவில் தெரிந்தால் இணையாக இருக்கிறது.

துண்டுக்குத் துண்டு 25 சதவீதமாவது மேற்பொருந்தட்டும். முன்பு சொன்ன அதே சிற்றோவியத்தை, 24 மெகாபிக்சல் கேமராவில், பிக்சலுக்கு 10 மைக்ரோமீட்டர் வீதம் எடுத்தால் ஒரு துண்டு 6 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர். மேற்பொருத்தம் இல்லாவிட்டால் 25 படங்கள். 25 சதவீத மேற்பொருத்தத்தோடு 49 படங்கள். கூடுதல் என்று தோன்றினாலும் அதில் கைவைக்காதீர்கள். வெற்றுத் தங்கப் பின்புலமும், ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும் பூவேலையும் சேர்ப்பு மென்பொருளை ஏமாற்றிவிடும். முழு ஓவியத்தையும் குறைந்த தெளிவில் ஒரே படமாகவும் எடுத்து வையுங்கள்; துண்டுகளை எங்கே பொருத்த வேண்டும் என்பதற்கு அதுவே வரைபடம். ஓவியத்தை நகர்த்தாமல் கேமராவை நகர்த்துவது பாதுகாப்பானது.

சுவரோவியங்களுக்கு இந்த முறை வசதி மட்டுமல்ல, ஒரே வழி. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931ல் கண்டறிந்தார். இருண்ட, குறுகலான பாதை அது. முழு ஓவியமும் தெரியும் அளவுக்குப் பின்னால் நகர்ந்து நிற்க இடமே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில், சுவரையொட்டி நின்று, சிறு சிறு பகுதிகளாக எடுத்துச் சேர்த்தால்தான், தரையில் நின்று பார்க்கும் எந்த மனிதனும் காண முடியாத முழுக் காட்சி கிடைக்கும்.

நிறம் சரியாக வந்திருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

கண்ணை நம்பாதீர்கள், கணினித் திரையை அதைவிடவும் நம்பாதீர்கள். 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டை ஒன்றை ஓவியத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், தொடாமல் வைத்து ஒவ்வொரு தொடரின் தொடக்கத்திலும் ஒரு படம் எடுங்கள். அந்த அட்டையின் நிறங்கள் அளந்து அறியப்பட்டவை. மென்பொருள் அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தம் செய்யும். எவ்வளவு விலகலை ஏற்கலாம் என்பதற்கு நெதர்லாந்தின் மெட்டமார்ஃபோஸ், அமெரிக்கக் கூட்டமைப்பு நிறுவனங்களின் ஃபாட்ஜி, உலகத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 19264 ஆகிய வழிகாட்டிகள் இருக்கின்றன. அளவுகோல் ஒன்றையும் சட்டகத்துக்குள் வைக்க மறக்காதீர்கள். அளவுகோல் இல்லாத படத்தில், ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் ஒரு விரிசலை அளக்க நினைத்தால் வழியில்லை.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் சிறிய படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே?

கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. அந்த மென்பொருள் ஓவியத்தில் இல்லாத இமை மயிரை வரையும். பல்லாயிரம் படங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து “இங்கே இப்படி இருக்கலாம்” என்று ஊகித்து நிரப்புகிறது. நாளைக்கு ஓர் ஆராய்ச்சியாளர் அந்தக் கோட்டை ஓவியரின் கைவண்ணம் என்று எழுதிவிடுவார். மூல ஓவியம் அதற்குள் அழிந்துபோயிருந்தால் யாராலும் திருத்த முடியாது.

ரைக்ஸ் அருங்காட்சியகம் இந்த எல்லையை எப்படிக் காத்தது என்று பாருங்கள். ‘இரவுக் காவல்’ 1715ல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்கு மாற்றப்பட்டபோது, இடம் போதாமல் நான்கு பக்கமும் வெட்டப்பட்டது. வெட்டிய பகுதிகள் கிடைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே கெரிட் லுண்டன்ஸ் செய்த சிறிய நகல் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, செயற்கை நுண்ணறிவின் துணையோடு அந்தப் பகுதிகளை மறு உருவாக்கம் செய்து 2021ல் காட்சிக்கு வைத்தார்கள். தனித் தனிப் பலகைகளாக, அசலைத் தொடாமல், இது மறு உருவாக்கம் என்று வெளிப்படையாக அறிவித்து வைத்தார்கள். பெரிய படத்தில் அதே தொழில்நுட்பத்தை, எடுத்த படங்களைச் சரிபார்க்கவும் பொருத்தவும் மட்டுமே பயன்படுத்தினார்கள்.

இவ்வளவு நெருங்கிப் பார்த்து யாருக்கு என்ன கிடைத்தது?

‘முத்துத் தோடணிந்த பெண்’ணுக்கு இமை மயிர் இல்லை என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2018ல் தொடங்கிய ஆய்வின் முடிவுகள் 2020ல் வெளியானபோது, இரு கண்களைச் சுற்றியும் வெர்மீர் நுண்ணிய இமை மயிர்களைத் தீட்டியிருந்தது தெரியவந்தது. கறுப்பாகத் தோன்றும் பின்புலம் உண்மையில் பச்சைத் திரைச்சீலை. வண்ணம் காலத்தால் மாறிவிட்டது. அந்த முத்தைக் காதோடு இணைக்கும் கொக்கி வரையப்படவே இல்லை. வெள்ளை வண்ணத்தின் சில தீற்றல்கள் மட்டுமே முத்தாகத் தெரிகின்றன. படம் மட்டும் இவற்றைச் சொல்லவில்லை. நுண்ணோக்கியும் எக்ஸ் கதிர் ஆய்வும் சேர்ந்து சொன்னவை. ஆனால் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதை நெருங்கிப் பார்த்த கண்தான் காட்டும்.

நம் ஓவியர்களுக்கும் இந்த மரியாதை கிடைக்க வேண்டும். முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து ரெம்பிராண்டே கோட்டோவியங்கள் வரைந்திருக்கிறார். அவர் வியந்து பார்த்த அந்தக் கோடுகளை, அவர் ஓவியத்துக்குக் காட்டும் அதே கவனத்தோடு நாம் பதிவு செய்யவேண்டாமா?

கோப்புகளை எந்த வடிவத்தில், எப்படி வைப்பது?

மூலக் கோப்பு 16 பிட் டிஃப் (நுணுக்கத்தை இழக்காமல் சேமிக்கும் பட வடிவம்). ஜேபெக் வேண்டாம், அது ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் நுணுக்கத்தை அரித்துவிடும். 100 மெகாபிக்சல் படம் ஒன்று டிஃப் வடிவில் ஏறக்குறைய 600 மெகாபைட் வரும் என்பதால் இடத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

இணையத்தில் காட்டுவதற்குப் படத்தைச் சிறு ஓடுகளாக வெட்டி அடுக்கும் முறை இருக்கிறது. பார்ப்பவர் பெருக்கும் பகுதி மட்டும் இறங்கும் என்பதால் கிராமத்துக் கைப்பேசியிலும் திறக்கும். 2011 முதல் வளர்ந்துவரும் ட்ரிபிள்-ஐ-எஃப் என்ற பொதுத் தரம் இதற்கானது.

கோப்போடு எழுத வேண்டியவை: ஓவியத்தின் அளவு, எடுத்த தேதி, கேமரா, லென்ஸ், விளக்கு, ஒரு பிக்சலுக்கு எத்தனை மைக்ரோமீட்டர், படத்தில் செய்த திருத்தங்கள். ஓவியம் யாரிடமிருந்து வந்தது, எந்தச் சுவரில் எத்தனை ஆண்டு தொங்கியது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் எழுதிவையுங்கள்.

படமெடுக்கும்போது ஒரு துணுக்கு உதிர்ந்துவிட்டால்?

ஊதாதீர்கள், விரலால் தொடாதீர்கள், பசை வைத்து ஒட்டாதீர்கள். துணுக்கு கிடக்கும் இடத்தை அப்படியே படமெடுத்துக்கொள்ளுங்கள். ஈரமில்லாத மெல்லிய தூரிகையால் ஒரு மடித்த தாளில் ஏந்தி, சிறு டப்பாவில் போட்டு, எந்த ஓவியம், எந்த இடம், என்ன தேதி என்று எழுதி ஓவியத்தோடு வையுங்கள். பழுதுபார்ப்பவர் அதைத் திரும்பப் பொருத்த முடியும்.

எங்களிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. காத்திருப்பதா, எடுப்பதா?

எடுங்கள், இந்த வாரமே. கரையான், மழைக்கசிவு, வீடு மாற்றம் எதுவும் நல்ல கேமரா வரும்வரை காத்திருக்காது. ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டியதில்லை. சன்னலிலிருந்து வரும் மேகமூட்டமான பகல் வெளிச்சம் போதும். நேர் வெயில் படக்கூடாது. கைப்பேசியின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அகலக் கோண லென்ஸைத் தவிர்த்து, இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் சற்றுத் தள்ளி நின்று அதில் எடுங்கள், ஓரங்கள் வளையாது. செயலியில் ரா அல்லது டிஎன்ஜி வடிவம் (கைப்பேசி திருத்தாத மூலப் பதிவு) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசி தானாகச் செய்யும் கூர்மையாக்கமும் முக அழகூட்டலும் ஓவியத்துக்கு ஆகாதவை. கைப்பேசியை ஒரு தாங்கியிலோ நாற்காலி முதுகிலோ சாய்த்து, மூன்று நொடி நேரக்கணிப்பானில் எடுங்கள். முதலில் முழு ஓவியம், பிறகு ஒன்றோடொன்று மேற்பொருந்தும்படி ஒன்பது பகுதிகள், கடைசியாக முதுகுப்புறம். முதுகில் பென்சிலால் எழுதிய பெயரோ, கடையின் சீட்டோ, சட்டம் போட்ட தேதியோ இருக்கும். அவற்றைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். முதுகைக் காட்ட ஓவியத்தைத் திருப்ப வேண்டியிருந்தால், வண்ணம் உறுதியாக இருக்கிறது என்று டார்ச் விளக்கால் பார்த்துவிட்டு, இரண்டு பேராகச் சட்டத்தின் பக்கங்களைப் பிடித்துத் திருப்புங்கள்.